பழைய வானின் பவர் ஸ்டியரிங் பம்ப்: வீட்டில் மாற்றுவதற்கு முன்னும் பின்னும்

டொயோட்டா ஹயஸ் வானின் நான்காம் தலைமுறை 1989இல் ஜப்பானில் வெளிவந்தது. அதைத்தான் இலங்கையில் 'டொல்பின்' என்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றவும், கலியாண வீட்டுக்குச் சொந்தக்காரரைக் கொண்டுபோகவும், இரவோடிரவாகக் கட்டுநாயக்காவுக்கு ஆட்களைச் சேர்க்கவும் இந்த வயதான வான்கள் இன்னமும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் புது வான் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத பொருள். இருக்கிற வானை ஓட வைப்பதுதான் வழி.

எங்கள் வீட்டில் நிற்பதும் ஒரு டொல்பின். கடந்த ஆண்டு அதன் பவர் ஸ்டியரிங் பம்பை முற்றத்திலேயே மாற்றினோம். வேலை செய்தவர் சித்தப்பா. சாவி எடுத்துக் கொடுத்ததும், ஒவ்வொன்றையும் 'ஏன்' என்று கேட்டு எழுதி வைத்ததும் நான். அவர் தொழில் பழகியது பொருளாதாரத் தடைக் காலத்தில். 1990க்குப் பிறகு பெற்றோலும் டீசலும் பற்றரியும் வராத குடாநாட்டில், ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கொஞ்சம் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய தலைமுறை அது. மாற்றீடு கிடைக்காத காலத்தில் பழகியவர்கள், ஒரு பாகம் ஏன் பழுதானது என்று தெரியாமல் அதைக் கழற்றி எறியமாட்டார்கள். பம்ப் வேலையிலும் அதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பூட்டும் புதுப் பம்ப், பழையது போன வழியிலேயே போகும்.

பம்ப் என்ன செய்கிறது?

அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இலேயே ஒயில் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டியரிங்கை ஒரு காரில் பூட்டி ஓட்டிக் காட்டினார். கடைக்கு வந்த கார் ஒன்றில் அது முதலில் இடம்பெற்றது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். அடிப்படை இன்றும் அதேதான். எஞ்சின் பெல்ட்டால் ஒரு பம்ப் சுழல்கிறது. உள்ளே, பள்ளங்களில் செருகிய சின்னத் தகடுகள் சுழலும் வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு, நீள்வட்டச் சுவரை உரசியபடி ஒயிலை அள்ளித் தள்ளுகின்றன. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த அழுத்தம் சில்லுகளைத் திருப்ப உதவுகிறது.

ஸ்டியரிங்கை அந்தம் வரை திருப்பிப் பிடித்தால் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் இறாத்தலைத் தாண்டிவிடும். கார் ரயரில் இருப்பது முப்பது இறாத்தல் அளவுதான். ஆகவே எஞ்சின் ஓடும்போது ஒயில் ஒழுகும் இடத்தைக் கையால் தடவிப் பார்க்கக்கூடாது.

இன்னொன்று: பம்ப் செத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது. திருப்பலாம், ஆனால் மிகவும் இறுக்கமாக இருக்கும். பத்துப் பேரை ஏற்றிய வான் வளைவில் இருக்கும்போது அந்த இறுக்கம் திடீரென்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

(வேகன் ஆர் போன்ற சின்னக் கார்களில் ஸ்டியரிங்குக்கு உதவுவது மின்மோட்டார். அவற்றில் பம்பும் இல்லை, ஒயிலும் இல்லை. இந்தக் கட்டுரை அவற்றுக்குப் பொருந்தாது.)

குறை பம்பில்தானா?

"பம்பைக் குறை சொல்ல முதல் பெல்ட்டைப் பார், பிள்ளை" என்றார் சித்தப்பா. பார்க்க வேண்டிய ஒழுங்கு இது.

ரயரில் காற்று. முன் ரயர்களில் காற்று குறைந்தாலே ஸ்டியரிங் இறுகும். பணம் செலவில்லாத சோதனை என்பதால் இதுதான் முதலில்.

பெல்ட். ஸ்டார்ட் செய்தவுடன், அல்லது அந்தம் வரை திருப்பும்போது 'கிரீச்' என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது தேய்ந்து பளபளத்துவிட்டது.

ஒயில். அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. நுரைத்திருந்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. ஒரு துளியை வெள்ளைத் துணியில் விட்டு வெயிலில் பாருங்கள். வெள்ளித் தூள்போல் மினுங்கினால் பம்ப் உள்ளே தேய்கிறது.

மூட்டுகள். முன் சில்லுகளை நிலத்திலிருந்து உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள். அப்போதும் ஓரிடத்தில் பிடித்தால் குறை மூட்டுகளிலோ தண்டிலோ இருக்கிறது. பம்பை மாற்றிப் பயனில்லை.

எங்கள் வானில் எஞ்சின் வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ஒரு முனகல் கேட்டது. ஒயில் நுரைத்திருந்தது, துணியில் மினுங்கியது. பம்ப் போய்விட்டது உறுதி. ஆனால் காரணம் வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ஒயில் தாங்கியின் அடியில் உள்ள வலை கறுத்த சேற்றால் பாதி அடைத்திருந்தது. தாங்கியிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாய் வயதாகிக் கல்லுப்போல் இறுகி, கிளிப் போட்ட இடத்தில் வெடித்திருந்தது. இந்தக் குழாயில் அழுத்தம் இல்லை. பம்ப் உறிஞ்சுகிற பக்கம் இது. அதனால் வெளியே அதிகம் ஒழுகாமல் உள்ளே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பம்பை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் காற்றைத்தான் குடித்திருக்கும்.

எதை வாங்குவது?

தண்டு வெளியே வரும் இடத்தில் மட்டும் ஒழுகினால் சீல் தொகுதி ஒன்று போதும். உள்ளே தேய்ந்திருந்தால் பம்பையே மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து ஜப்பானில் கழற்றிய பாவித்த பம்ப்கள் வருகின்றன. அவற்றை வாங்கும்போது தண்டைக் கையால் சுழற்றுங்கள். ஒரே சீராகச் சுழல வேண்டும். பக்கவாட்டில் ஆடக்கூடாது. பழைய பம்பைக் கையோடு கொண்டுபோய், ஆணித் துவாரங்கள், கப்பியின் விட்டம், குழாய் பூட்டும் வாய்கள் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூடவே புதிய உறிஞ்சு குழாயும், கிளிப்புகளும், அழுத்தக் குழாய்க்கான செப்பு வொஷர்களும் வேண்டும். ஒயிலுக்கு வானின் கைநூலைப் பாருங்கள். இந்த வயது டொயோட்டாக்களுக்குப் பொதுவாக டெக்ஸ்ரோன் வகைச் சிவப்பு ஒயில், அதாவது ஓட்டோ கியர் பெட்டிக்கு விடுவதே பாவிக்கப்படுகிறது. பிரேக் ஒயிலை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது. அது சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

கழற்றுதல்

சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். பற்றரியின் மறை முனையைக் கழற்றுங்கள். முன்பக்கத்தை ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி யாரும் வானுக்குக் கீழே போகக்கூடாது. மணல் முற்றமென்றால் தாங்கியின் கீழ் தடித்த பலகை வேண்டும்.

டொல்பினில் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருப்பதால் வேலையின் ஒரு பகுதி மேலிருந்து, மறுபகுதி கீழிருந்து. முதலில் தாங்கியில் உள்ள ஒயிலை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுங்கள். பழைய பம்பின் கப்பியைத்தான் திரும்பப் பாவிக்கப் போகிறீர்கள் என்றால், பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே அதன் நட்டைத் தளர்த்திவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிய பிறகு கப்பி கூடச் சேர்ந்து சுற்றும்.

அடுத்து பெல்ட், உறிஞ்சு குழாய், அழுத்தக் குழாய். குழாய்களைக் கழற்றும் முன் சுற்றியுள்ள அழுக்கைத் துடையுங்கள். கழற்றியவுடன் வாய்களைச் சுத்தமான பொலித்தீனால் கட்டுங்கள். எங்கள் ஊர்ப் புழுதி ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் பம்பைத் தின்னும். கடைசியாகத் தாங்கும் ஆணிகளைக் கழற்றினால் பம்ப் கையோடு வரும்.

கழுவுதல், பூட்டுதல், காற்றெடுத்தல்

பலர் தவிர்க்கும் படி கழுவுதல். பழைய பம்ப் அரைத்த இரும்புத் தூள் குழாய்களிலும் ஸ்டியரிங் பெட்டியிலும் இருக்கிறது. திரும்பிவரும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, எஞ்சினை ஓட்டாமல், ஸ்டியரிங்கை இரு பக்கமும் அந்தம் வரை மெதுவாகத் திருப்புங்கள். பழைய ஒயில் வெளியே வரும். தாங்கியைக் கழற்றி வலையைக் கழுவிக் காயவிடுங்கள்.

புதுப் பம்பைப் பூட்டி, செப்பு வொஷர்களைப் புதிதாகப் போட்டு, ஒயில் நிரப்பி, பெல்ட் போட முதல் கப்பியைக் கையால் பல தடவை சுற்றுங்கள். பம்ப் ஒருபோதும் வறண்டு சுழலக்கூடாது. பிறகு பெல்ட்டைப் போட்டு, கைநூலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அளவு மீறி இறுக்கினால் பம்பின் பெயரிங் கெடும்.

காற்றெடுக்கும்போது முன் சில்லுகள் உயர்ந்தே இருக்கட்டும். எஞ்சினை ஓட்டாமல் இரு பக்கமும் மெதுவாக இருபது தடவை திருப்பி, குறையக் குறைய ஒயில் விடுங்கள். அதன் பிறகு பற்றரியைப் பூட்டி, ஸ்டார்ட் செய்து, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு மறுபடி திருப்புங்கள். அந்தத்தில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்திருக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்தியதும் தாங்கியில் ஒயில் மட்டம் சட்டென்று உயர்ந்தால், உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. சற்று ஆறவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

முதல் ஓட்டம் ஒழுங்கைக்குள், ஆளேற்றாமல். ஒரு வாரம் தினமும் கீழே குனிந்து ஒழுக்குப் பாருங்கள். எங்கள் வானில் முனகல் முதல் நாளே நின்றுவிட்டது. ஆனாலும் சித்தப்பா ஏழு நாளும் விடியக் குனிந்து பார்த்தார். ஏ-9 வீதியில் கொழும்பு வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். அதற்கு அந்த வாரத்துக்குப் பிறகுதான் விட்டார்.

ஆளேற்றித் தொழில் செய்யும் வானென்றால், வீட்டில் மாற்றினாலும் ஓடுவதற்கு முன் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவது அவசியம். ஸ்டியரிங் பெட்டியைப் பிரிப்பதும், அழுத்தக் குழாயை வெட்டி ஒட்டுவதும் வீட்டு வேலைகள் அல்ல.

அந்தப் போத்தலில் இருக்கும் ஒயில்

வேலை முடிய எங்களிடம் ஒரு போத்தல் கறுத்த ஒயில் மிஞ்சியது. வேலியோரம் ஊற்றுவது பலரின் வழக்கம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே எங்கள் கிணறு. மேலே ஊற்றுவது கல்லின் வெடிப்புகள் வழியே கீழே போகும். சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவு ஒயில் கிணறுகளில் கலந்த வழக்கில், குடியிருந்தவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு நொதேர்ன் பவர் நிறுவனத்துக்கு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதற்கு முன் அங்குள்ளவர்கள் சொந்தக் கிணறு முற்றத்தில் இருக்க, குடிக்கும் தண்ணீருக்கு பவுசரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் போத்தலை இறுக மூடி, கழிவு ஒயிலைப் பீப்பாயில் சேர்த்து விற்கும் ஒரு கராஜில் கொடுத்தோம். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கராஜ் இருக்கும். பம்பைக் கழற்ற முதலே அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.