செல்லுலோமோனாஸ் ஃபிமி செல்லுலேஸ்கள்

செல்லுலோமோனாஸ் ஃபிமி என்னும் மண் பாக்டீரியா, தாவர நாரைச் சிதைப்பதற்காக வெளியே சுரக்கும் நொதிகள். செல்லுலேஸ் ஆய்வில் மரபணுப் படியாக்கம் (குளோனிங்) நுழைந்த தொடக்க ஆண்டுகளிலேயே இவற்றின் மரபணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன.

நாரின் முதன்மைப் பொருளான செல்லுலோஸை 1838இல் தனிப்பொருளாக அடையாளம் கண்டவர் பிரெஞ்சு வேதியியலர் ஆன்செல்ம் பாயேன். மாவுச்சத்தைப் போல இதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான். கண்ணிகள் கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. அதனால்தான் சோறு நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை. வைக்கோல் தின்னும் மாட்டுக்கும் அதன் வயிற்று நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன.

இந்த பாக்டீரியாவை 1913இல் விவரித்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் மக்பெத், ஸ்கேல்ஸ். 'ஃபிமி' என்றால் லத்தீனில் 'சாணத்தினுடைய' என்று பொருள்.

வளர்ப்பு நீரிலிருந்து நொதியை நேரடியாகப் பிரிப்பது பெரும் தலைவலியாக இருந்தது. பாக்டீரியா பல செல்லுலேஸ்களைச் சுரக்கிறது. அவற்றில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. அதன் சொந்தப் புரதச்சிதைப்பு நொதியே அவற்றை நறுக்கியும் விடுகிறது. கைக்குக் கிடைப்பது முழு நொதியா, துண்டா என்று சொல்ல முடியாது. மரபணுவையே பிடித்தால்தான் வழக்கு தீரும்.

கனடாவின் வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கில்பர்ன், மில்லர், வாரன் ஆகியோர் அடங்கிய குழு 1982இல் அதைச் செய்தது. ஃபிமியின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, பிளாஸ்மிட் வளையத்தில் ஒட்டி, ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினர். ஈ.கோலைக்கு நார் சிதைக்கத் தெரியாது. ஆகவே அதில் செல்லுலேஸ் தென்பட்டால் வந்த மரபணுவின் வேலைதான். அதே ஆண்டு டெதர், வுட் இருவரும் வெளியிட்ட காங்கோ சிவப்புச் சோதனை இத்தகைய தேடலை எளிதாக்கியது. செல்லுலோஸ் கலந்த அகார் தட்டில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, உப்புநீரால் அலசினால், நொதி சுரக்கும் புள்ளியைச் சுற்றி மட்டும் சாயம் நிற்காமல் வெளிறிய வளையம் தெரியும்.

நொதியின் வேகத்தை அளக்க 1959ஆம் ஆண்டு முறை ஒன்றே இன்றும் பரவலாகப் புழங்குகிறது (அதை வகுத்தவர் பெயரும் மில்லர்தான், ஆனால் மேற்சொன்ன மில்லர் அல்ல). டி.என்.எஸ். எனப்படும் மஞ்சள் நிறக் கரைசலைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால், விடுபட்ட சர்க்கரையின் அளவுக்கேற்பச் செம்பழுப்பாக மாறும்.

1986இல் இரு மரபணுக்களின் வரிசை வெளியானது. உண்மையான வியப்பு அங்கேதான் இருந்தது. 'சென்-ஏ', 'சி.இ.எக்ஸ்' என்ற இரு நொதிகளிலும் வெட்டும் பகுதி ஒன்று, நாரைப் பற்றிக்கொள்ளும் பகுதி ஒன்று. இரண்டுக்கும் நடுவே புரோலினும் திரியோனினும் மாறிமாறி வரும் ஒரு கயிறு. பற்றும் பகுதி முன்னதில் தலைப்பக்கமும் பின்னதில் வால்பக்கமும் இருந்தது. முன்பு தொல்லை தந்த அதே புரதச்சிதைப்பு நொதியைக் கொண்டே 1988இல் இப்பகுதிகளைத் துல்லியமாகப் பிரித்தனர். பிடி போன நொதி, கரைந்த செல்லுலோஸை வழக்கம்போல் வெட்டியது. இறுகிய நாரிடம் அதன் வேலை மந்தமானது.

பிடிக்கும் பகுதியைத் தனியே எடுத்து வேறு புரதங்களோடு இணைத்து, அவற்றைச் செல்லுலோஸில் ஒட்டவைத்துத் தூய்மைப்படுத்தும் உத்தி இதிலிருந்து பிறந்தது. சி.இ.எக்ஸின் வெட்டும் பகுதியின் படிக அமைப்பு 1994இல் வெளியானது. செல்லுலோஸ் வெட்டியாகப் பெயரிடப்பட்ட சி.இ.எக்ஸ், நாரின் மற்றொரு கூறான சைலனையே விரும்பி வெட்டுவது தெரிந்ததும், அதன் பெயர் 'சைலனேஸ் 10ஏ' என மாற்றப்பட்டது. பழைய ஆய்வுக் கட்டுரைகளில் முதற்பெயரே காணப்படும்.