குவீன்ஸ்டவுனில் கொறிக்க: கடலை அப்பம் முதல் இறால் வடை வரை

ஊரிலிருந்து உறவினர் வந்தால் தேக்காவைச் சுற்றிக்காட்டி அனுப்பிவிடுகிறோம். ஒரு காலைப்பொழுதைக் குவீன்ஸ்டவுனுக்கும் ஒதுக்கலாம். 1953ல் நடந்த எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டிப் பெயர் பெற்ற இப்பேட்டை, சிங்கப்பூரின் முதல் துணைநகரம்.

இங்குள்ள உணவங்காடி நிலையங்களில் முதலில் தேட வேண்டியது ‘மின் ஜியாங் குவே’. புளித்த கோதுமை மாவைத் தட்டையான இரும்புக்கல்லில் ஊற்றி, மூடி வேகவைத்து, இடித்த வேர்க்கடலையும் சர்க்கரையும் தூவி இரண்டாக மடித்து வெட்டித் தருவார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஆறினால் ரப்பர்தான், அங்கேயே நின்று சாப்பிடுங்கள். மாவில் முட்டை சேர்ப்பதுண்டு என்பதால் சைவர்கள் கேட்டு வாங்குவது நல்லது. மலாயில் இதற்கு ‘அப்பம் பாலேக்’ என்று பெயர். நம் அப்பம் அதில் அப்படியே இருக்கிறது.

‘புத்து மாயாம்’ இன்னும் வேடிக்கை: பெயரில் புட்டு, தட்டில் இடியாப்பம். குழம்பு கிடையாது, தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும்தான். ‘துத்து குவே’ உண்மையிலேயே புட்டின் உறவு. அரிசி மாவைப் பூ வடிவ அச்சில் இட்டு, நடுவே தேங்காயோ கடலையோ வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். பனைவெல்லம் வைத்த மலாய் ‘புத்து பிரிங்’ இதைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி.

இவையெல்லாம் எவ்வளவு நாள் கிடைக்கும் என்ற கவலையும் உண்டு. 2014ல் தங்ளின் ஹால்ட் வட்டாரத்தின் 31 வீவக புளோக்குகள் மறுமேம்பாட்டுக்கு அறிவிக்கப்பட்டன. பழைய பேட்டை காலியானால் வாடிக்கையாளர்களும் கலைந்துபோகிறார்கள். மாவு கரைக்க விடியுமுன் எழும் தொழிலுக்கு இளையர் வருவதும் அரிது. உணவங்காடிக் கலாசாரம் 2020ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது பெருமைதான். ஆனால் கல்லின் முன் நிற்க ஆள் வேண்டுமே! நம்மவர் தலைச்சுமையாக விற்ற ‘காச்சாங் பூத்தே’ கடலை வகைகளைக் காகிதக் கூம்பில் தருபவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவே.

வடைக்குத் தேக்காவே சரி. குவீன்ஸ்டவுனிலிருந்து ரயிலில் ஊட்ரம் பார்க் சென்று, வடகிழக்குப் பாதைக்கு மாறினால் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. முழு இறால் பதித்த வடையைப் பச்சைமிளகாயோடு கடித்துச் சாப்பிடுவது இங்குள்ள வழக்கம். சட்னி கேட்டு நிற்க வேண்டாம்.