குரல் ஒருத்தியுடையது, பெயர் யாருடையது?

ஃபோர் டாப்ஸ் நான்கு ஆண்களின் பாட்டுக் குழு. அவர்களுடைய எந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் கோட்டு அணிந்த நான்கு ஆண்கள்தான் நிற்கிறார்கள். ஆனால் 1966இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பிடித்த அவர்களுடைய ‘ரீச் அவுட் ஐ’ல் பி தேர்’ பாடலைக் கேளுங்கள். லீவை ஸ்டப்ஸின் கரகரத்த அழைப்புக்குப் பின்னால் உயர எழுந்து நிற்பவை பெண்களின் குரல்கள். படத்தில் இல்லாத அந்தப் பெண்கள் யார்? சோல் இசையின் வரலாற்றை வேறொரு பக்கத்திலிருந்து படிக்க என்னைத் தூண்டியது இந்தக் கேள்விதான்.

கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து பிறந்தது சோல். 1960களில் அதை அமெரிக்காவின் எல்லா வீடுகளுக்கும் கொண்டுசென்ற நிறுவனங்களில் முதன்மையானது, டெட்ராய்ட் நகரில் பெரி கோர்டி தொடங்கிய மோட்டவுன். அதன் ஸ்டுடியோவில் கோரஸ் பாடிய மூன்று பெண்கள் ஜாக்கி ஹிக்ஸ், மார்லின் பேரோ, லூவெய்ன் டெம்ப்ஸ். மூவரும் சேர்ந்து ‘ஆண்டான்டேஸ்’. மேரி வெல்ஸின் ‘மை கை’யில் பாடியவர்கள் அவர்கள். மார்வின் கேயின் ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ தி கிரேப்வைன்’ பாடலிலும் அவர்கள் குரல் இருக்கிறது. 1968இல் ‘டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்’ என்ற பெயரில் வந்து முதலிடம் பிடித்த ‘லவ் சைல்ட்’ பாடலில் டயானாவுடன் பாடியவர்களும் ஆண்டான்டேஸ்தான். மேடையிலும் தொலைக்காட்சியிலும் அவருக்குப் பக்கத்தில் நின்ற மேரி வில்சனும் சிண்டி பேர்ட்சாங்கும் அந்த ஒலிப்பதிவில் இல்லை.

இந்த மூவரும் தங்கள் சொந்தப் பெயரில் வெளியிட்ட இசைத்தட்டு எத்தனை? ஒன்று. 1964இல், மோட்டவுனின் கிளை லேபிளான வி.ஐ.பி.யில் ‘லைக் எ நைட்மேர்’ வந்தது. அதிலும் முன்னணிக் குரல் ஆன் போகன் என்ற வேறொரு பாடகியுடையது. நிறுவனம் அதை விளம்பரப்படுத்தவில்லை. இன்று அந்தத் தட்டு, சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்துத் தேடும் அபூர்வப் பொருள்.

அதே ஸ்டுடியோவில் வாத்தியம் வாசித்த ஆண்களும் நெடுங்காலம் பெயரற்றுத்தான் இருந்தார்கள். ஆனால் ‘ஃபங்க் பிரதர்ஸ்’ எனப்படும் அவர்களைப் பற்றி 2002இல் ‘ஸ்டாண்டிங் இன் தி ஷேடோஸ் ஆஃப் மோட்டவுன்’ என்ற ஆவணப்படம் வந்தது. 2004இல் கிராமியின் வாழ்நாள் சாதனை விருதும் கிடைத்தது. நியாயமான கௌரவம். ஒரே அறையில், ஒரே பாடலுக்காக உழைத்த பெண்கள் மட்டும் ஏன் அந்த வெளிச்சத்துக்கு வெளியே நின்றார்கள்? கிட்டாரில் விழும் விரலைக் கைவண்ணம் என்கிறோம். பெண்ணின் தொண்டையிலிருந்து வருவதை இயற்கை தந்த கொடை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மூன்று குரல்களும் எங்கே சேர வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்று முடிவு செய்வதும் ஒரு வேலை, பயிற்சியால் வந்த திறன் என்பது நம் கணக்கில் ஏறுவதில்லை.

மோட்டவுனில் மட்டும் நடந்த கதை அல்ல இது. கலிபோர்னியாவில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. 1962இல் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் ‘ஹீஸ் எ ரெபெல்’ பாடலை லாஸ் ஏஞ்சலிஸின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் அவசரமாகப் பதிவு செய்தார். அவருடைய லேபிளின் ‘கிரிஸ்டல்ஸ்’ குழு, புரூக்ளினைச் சேர்ந்த இளம்பெண்கள், அங்கே இல்லை. எனவே லாஸ் ஏஞ்சலிஸில் கோரஸ் பாடிவந்த ‘பிளாஸம்ஸ்’ குழுவை அழைத்தார். முன்னணிக் குரல் டார்லின் லவ்வுடையது. தட்டு வெளிவந்தபோது அதில் அச்சாகியிருந்த பெயர் கிரிஸ்டல்ஸ். அந்த ஆண்டு நவம்பரில் பாடல் முதலிடத்துக்குப் போனது.

இங்கே இரண்டு குழுக்களின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸம்ஸுக்குக் கிடைத்தது ஒருமுறைக் கூலி. பாடல் எவ்வளவு விற்றாலும் அவர்கள் பெயருக்கு அதில் பங்கில்லை. கிரிஸ்டல்ஸுக்குக் கிடைத்ததோ தாங்கள் பாடாத ஒரு பாடலின் புகழ். ஊர் ஊராகப் போய், வேறொருத்தியின் குரலைத் தங்கள் குரல்போல மேடையில் பாடிக்காட்ட வேண்டியிருந்தது. பெயர் தயாரிப்பாளரின் கையில் இருக்கும்வரை யார் பாடினாலும் அது கிரிஸ்டல்ஸ்தான். இந்தக் கதையை ஒரு குழு இன்னொரு குழுவின் இடத்தைப் பறித்த கதையாகச் சொல்வது சுலபம். ஆனால் இரண்டு பக்கமும் இழந்தவர்கள் பெண்களே. இரண்டு பக்கத்திலிருந்தும் லாபம் எடுத்தவர் ஒருவர்.

பணத்தின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு பாடல் வானொலியில் ஒலிக்கும்போது அதை எழுதியவருக்குப் பணம் போகும், பாடியவருக்குப் போகாது. பாடியவருக்கு மிஞ்சுவது தட்டு விற்பனையின் ராயல்டி. அது கிடைக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் பெயர் இருக்க வேண்டும். கோரஸ் பாடகிக்கு அதுவும் இல்லை. 1980களின் தொடக்கத்தில் டார்லின் லவ் வீட்டுவேலை செய்து பிழைத்த காலம் ஒன்று உண்டு. ஒரு வீட்டின் குளியலறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, தான் 1963இல் பாடிய கிறிஸ்துமஸ் பாடல் வானொலியில் ஒலிப்பதைக் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் மீண்டும் மேடைக்கு வந்தார். 2011இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். கோரஸ் பாடகிகளைப் பற்றிய ‘ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ ஆவணப்படம் 2013இல் வந்து ஆஸ்கர் வாங்கியது. பிளாஸம்ஸில் அவருடன் பாடிய ஃபனிடா ஜேம்ஸ், ஜீன் கிங் என்ற பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்?

பெயர் கிடைத்த குழுக்களாவது பிழைத்தனவா என்றால், மார்வெலெட்ஸைப் பார்க்கலாம். மிச்சிகன் மாநிலத்தின் இங்க்ஸ்டர் ஊரில், உயர்நிலைப் பள்ளியில் படித்த பெண்கள் அவர்கள். முதலில் தங்களுக்கு ‘கேசினியெட்ஸ்’ என்று விளையாட்டாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். ‘இன்னும் பாட வராது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிச் செய்த பெயர் அது. மோட்டவுன் அதை மார்வெலெட்ஸ் என்று மாற்றியது. 1961 டிசம்பரில் அவர்களுடைய ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது. மோட்டவுனுக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த முதல் முதலிடம் அதுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து பீட்டில்ஸ் அதே பாடலைப் பாடித் தங்கள் ஆல்பத்தில் சேர்த்தார்கள்.

நிறுவனத்துக்கு வழி திறந்த குழு பின்னால் தள்ளப்பட்டது. கவனம் முழுவதும் சுப்ரீம்ஸ் பக்கம் திரும்பியது. 1970இல் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி மார்வெலெட்ஸ்’ என்ற ஆல்பம் வந்தபோது, அதில் பாடிய மார்வெலெட் வாண்டா யங் ஒருவர்தான். அவருக்குக் கோரஸ் பாடியவர்கள் ஆண்டான்டேஸ். குழு கலைந்த பிறகு பெயர் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளரின் கைக்குப் போனது. அந்தப் பாடல்களுடன் எந்தத் தொடர்பும் இல்லாத இளம்பெண்கள் மார்வெலெட்ஸ் என்ற பெயரில் மேடை ஏறினார்கள். அசல் குழுவின் முன்னணிப் பாடகி கிளாடிஸ் ஹார்ட்டன் தன் பாடல்களைப் பாட, தன் பெயருக்காகப் போராட வேண்டியிருந்தது. 2011இல் அவர் இறந்தார். இப்படிப்பட்ட போலிக் குழுக்களைத் தடுக்க ‘ட்ரூத் இன் மியூசிக்’ சட்டங்கள் பல மாநிலங்களில் வந்தன. அவற்றுக்காக ஓயாமல் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் சுப்ரீம்ஸின் மேரி வில்சன். 2013, 2015 ஆண்டுகளுக்கான ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைப் பட்டியலில் மார்வெலெட்ஸ் இருந்தார்கள். இரண்டு முறையும் தேர்வாகவில்லை.

ஒருத்தி போனால் இன்னொருத்தி வருவாள், பாட்டு ஒன்றுதானே என்ற எண்ணம்தான் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. ‘கேர்ள் குரூப்’ என்ற சொல்லே அந்த எண்ணத்துக்கு உதவுகிறது. அதில் ஆட்கள் இல்லை, ‘பெண்பிள்ளைகள்’ மட்டுமே இருக்கிறார்கள். வரலாறு எழுதியவர்களும் தயாரிப்பாளரை மேதை என்றும், பாடியவர்களை அவர் கையாண்ட பொருள் என்றும் எழுதினார்கள். அங்கீகாரம் என்றால் விருது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தட்டில் பெயர், விற்பனையில் பங்கு, தன் பாடலைத் தன் பெயரில் பாடும் உரிமை, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அங்கீகாரம். விருது நாற்பது ஆண்டுகள் தாமதமாகவும் வரலாம். வாடகை மாதாமாதம் கட்ட வேண்டும்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டவுனில் குரல் தேர்வுக்கு வந்த பள்ளித் தோழிகளிடம், சொந்தப் பாடல் ஒன்று கொண்டுவாருங்கள் என்றார்கள். குழுவில் இருந்த ஜார்ஜியா டாபின்ஸ், வில்லியம் காரெட் என்ற நண்பரிடமிருந்து ஒரு புளூஸ் பாட்டின் தலைப்பை வாங்கி அதைப் புதிதாக எழுதினார். அதுதான் ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’. ஆனால் ஒலிப்பதிவுக்கு முன்பே அவர் விலகிவிட்டார். அவருடைய தந்தை சம்மதிக்கவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர்தான் வாண்டா யங். இசைத்தட்டை எடுத்துப் பார்த்தால், தலைப்புக்குக் கீழே, எழுதியவர்களின் வரிசையில் டாபின்ஸ் என்ற பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஆண்டான்டேஸுக்குக் குரல் இருந்தது, தட்டில் பெயர் இல்லை. ஜார்ஜியாவுக்குத் தட்டில் பெயர் இருக்கிறது, குரல் இல்லை. சோல் இசையின் வரலாற்றை எழுதப்போகும் மாணவிகள் இந்த இரண்டு காலி இடங்களிலிருந்தும் தொடங்கலாம்.