வேலை முடிந்ததும் விலகிப் போகும் சோப்பு

தர்மபுரிப் பக்கத்து போர் தண்ணீரில் துணி துவைத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. வாளி ஓரத்தில் வெள்ளையாகத் திப்பி படியும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதுதான் காரணம். அழுக்கைத் தொடுவதற்கு முன்பே சோப்பு செலவாகிவிடும். சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் உள்ள சப்போனின் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும்.

சோப்பின் வரலாறு என்றால் நுரை வரவைத்த கதை என்றுதான் நினைக்கிறோம். அது பாதிக் கதை. வேலை முடிந்தபின் அந்த நுரையை எப்படிப் போக்குவது என்பது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். எந்தச் சோப்புக்கும் ஒரு தலை, ஒரு வால் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் அழுக்கைப் பற்றிக்கொள்ள, தலை தண்ணீரோடு இழுத்துப் போகிறது. உப்புத் தண்ணீரில் திரியாதபடி தலையை மாற்றிச் செய்ததுதான் டிடர்ஜென்ட். நம் நாட்டில் 1959-ல் சர்ஃப் வந்தது. 1969-ல் கர்சன்பாய் படேல் குஜராத்தில் நிர்மாவைத் தொடங்கினார். அதன்பின் சலவைத் தூள் ஏழை வீட்டுக்கும் எட்டியது.

அதற்குள் மேலை நாடுகளில் வேறொரு தொல்லை முளைத்திருந்தது. அங்கே 1950-களில் விற்ற டிடர்ஜென்டின் வால் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. தண்ணீரில் வாழும் பாக்டீரியாவால் அந்தக் கிளைகளைக் கடித்துத் தின்ன முடியவில்லை. துணியை விட்டுப் போன நுரை ஆற்றில் போய் மலையாக நின்றது. அமெரிக்காவில் சில ஊர்களில் குழாய்த் தண்ணீரே நுரைத்தது. மேற்கு ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. அது 1964-ல் நடைமுறைக்கு வந்தது. 1965-ல் அமெரிக்க நிறுவனங்களும் மாறின. கிளை வாலுக்குப் பதில் நேரான வால் வைத்தார்கள். பாக்டீரியா ஒரு நுனியில் இருந்து தொடங்கி அதைத் தின்று தீர்த்துவிடும்.

அந்த நேர் வாலுள்ள பொருளுக்கு லீனியர் ஆல்கைல் பென்சீன் என்று பெயர். மண்ணெண்ணெயில் இருந்து எடுக்கும் பாரஃபினையும் பென்சீனையும் சேர்த்துச் செய்வது. சென்னை மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் 1988-ல் இருந்து இதைத் தயாரிக்கிறது. ஸ்பிக் நிறுவனமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய ஆலை அது.

சலவைத் துறையில் தீர்ந்த இதே சிக்கல், சில ஆண்டுகளில் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தலைதூக்கியது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் பல, கொழுப்பாலான செல் சவ்வுக்குள் புதைந்து கிடப்பவை. நாம் சாப்பிடும் மருந்துகளில் பலவும் போய்ச் சேருவது இந்தச் சவ்வுப் புரதங்களிடம்தான். தண்ணீரில் கரையாத இவற்றை வெளியே கொண்டுவர டிடர்ஜென்ட் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பெரிதும் பயன்படுவது சோடியம் டோடெசில் சல்ஃபேட், சுருக்கமாக எஸ்.டி.எஸ். தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்தில் இருந்தே இதைச் செய்யலாம். ஷாம்பூவிலும் பற்பசையிலும் சேர்வதும் இதன் உடன்பிறப்புதான்.

ஒரு கிராம் புரதத்தை சுமார் 1.4 கிராம் எஸ்.டி.எஸ். போர்த்திக்கொள்ளும். சுருண்டு கிடக்கும் புரதம் நூலாக நீண்டுவிடும். 1970-ல் கேம்பிரிட்ஜில் உல்ரிக் லெம்லி என்ற சுவிட்சர்லாந்துக்காரர், இப்படிப் போர்த்திய புரதங்களை ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி அளவு வாரியாகப் பிரிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அறிவியல் உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. புரதத்தை எடை போட்டே அடையாளம் சொல்லும் கருவி. புரதங்களை அதில் எடை போட வழி கண்ட ஜான் ஃபென்னுக்கும் கொய்ச்சி தனகாவுக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கருவிக்கு எஸ்.டி.எஸ். ஆகவே ஆகாது. கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புரதத்தின் குரலை அமுக்கிவிடும். புரதத்தைத் துண்டு போடச் சேர்க்கும் ட்ரிப்சின் நொதியையும் கெடுக்கும். கழுவிக் கழுவி எடுத்தால் புரதமும் கூடவே போய்விடும். நோயாளியின் இதயத்தில் இருந்து எடுத்த கடுகளவு தசை என்றால், போனது போனதுதான். இன்னொரு முறை கேட்க முடியாது.

இங்கேதான் பிளவுபடும் டிடர்ஜென்ட் வந்தது. தலைக்கும் வாலுக்கும் நடுவே வேண்டுமென்றே பலவீனமான ஒரு மூட்டு வைத்தார்கள். 2003 வாக்கில் அமெரிக்காவின் வாட்டர்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ராபிஜெஸ்ட் அமிலம் பட்டால் உடையும். வால் தண்ணீரில் கரையாமல் ஒதுங்கும். சுழற்றி அடியில் படிய வைத்து நீக்கிவிடலாம். தலை தண்ணீரிலேயே இருந்தாலும் தொந்தரவு செய்யாது. 2019-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் யிங் கீ குழுவினர் ‘அஸோ’ என்ற ஒன்றை வெளியிட்டார்கள். புரதத்தைக் கரைப்பதில் எஸ்.டி.எஸ்.ஸுக்கு ஈடானது, புற ஊதா ஒளி பட்டால் சில நிமிடங்களில் உடைந்துவிடும். இதயத் தசைப் புரதங்களை ஆராயும் குழு அது.

ஆற்று டிடர்ஜென்டை உடைக்கப் பாக்டீரியா, ஆய்வுக்கூட டிடர்ஜென்டை உடைக்க அமிலமும் ஒளியும். யோசனை ஒன்றுதான். வேலைக்கு வரும்போதே அதற்கு விடைபெறும் வழியையும் வைத்துச் செய்ய வேண்டும்.

ஆனால் வழி வைத்தால் மட்டும் போதாது. பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததையும், 2015-ல் அந்த நுரை தீப்பற்றியதையும் செய்திகளில் பார்த்தோம். அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கும் நுரை பொங்குகிறது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி நம் இருமத்தூர், அனுமன்தீர்த்தம் வழியாக ஓடுகிறது. நேர் வால் டிடர்ஜென்டைத் தின்னப் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், நேரம் வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடை, தண்ணீரில் உள்ள காற்றையெல்லாம் குடித்துவிடுகிறது. அப்புறம் எது உடையும்?

ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டுப் புரதத்துக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். ஆறு அதைவிடப் பெரியது. நுரை வந்தபின் அணையில் நின்று படம் பிடிப்பதைவிட, சாக்கடை ஆற்றில் கலக்கும் இடத்திலேயே சுத்திகரிப்பு நிலையத்தைக் கேட்டு வாங்குவதுதான் இருமத்தூர்க்காரருக்கும் ஓசூர்க்காரருக்கும் நல்லது.