தந்தி அடிக்கத் தேவையில்லாத பேச்சு

ஹாம் ரேடியோன்னு சொன்னா நம்ம மக்கள் ரெண்டு விதமா பார்ப்பாங்க. ஒண்ணு, "அதான் போலீஸ் வாக்கிடாக்கியா?" இல்லைன்னா, "செல்போன் இருக்கிற காலத்துல அது எதுக்குப்பா?" பரீட்சை எழுதி, அரசாங்கத்துகிட்ட லைசென்ஸ் வாங்கி, சொந்த ஸ்டேஷன்ல இருந்து உலகத்தோட பேசுற பொழுதுபோக்கு அது. ஆனா என்ன வேணா பேசலாமா? பேச முடியாது. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

முதல்ல விதிகள். பாட்டு போடக்கூடாது. விளம்பரம் கூடாது. சங்கேத மொழி கூடாது. வியாபாரம் பேசக்கூடாது. எங்க ஊர்க் கணக்குல சொல்லணும்னா, நாமக்கல் லாரி ஓனர் தன் டிரைவர்கிட்ட "லோடு ஏத்தியாச்சா?"ன்னு கேக்கக்கூடாது, கோழிப்பண்ணைக்காரர் முட்டை விலை பேசி முடிக்கக்கூடாது. அப்ப என்னதான் பேசறது? டெக்னிக்கல் விஷயம், சோதனை, அப்புறம் சொந்த சமாச்சாரம். சர்வதேச விதியில 2003 வரைக்கும் இன்னொரு நிபந்தனையும் இருந்துச்சு. அந்தச் சொந்த சமாச்சாரம், காசு கொடுத்து தந்தி அடிக்கிற அளவுக்கு முக்கியமில்லாததா இருக்கணும்! அதாவது, மொக்கை போட மட்டும் சட்டப்படி அனுமதி :-)

தந்தித் துறை வருமானத்துல கை வைக்கக்கூடாதுங்கிறது அதுக்கு ஒரு காரணம். ஆனா பாட்டும் விளம்பரமும் கூடாதுங்கிறதுல நியாயம் இருக்கு. ஏற்காடு மலை மேல ஒரு ரிப்பீட்டர் வெச்சா, கையடக்க செட்டுல ராசிபுரத்துல இருந்தும் சங்ககிரியில இருந்தும் பேசிக்கலாம்னு வெச்சுக்குங்க. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ஒருத்தர் இளையராஜா பாட்டு போட்டு விட்டுட்டா மத்தவங்க எல்லாரும் வாயை மூடிக்கணும். இது பொதுக்கிணறு மாதிரி. முறை வெச்சுத்தான் இறைக்கணும்.

இந்த முறை எப்பவுமே இருந்ததில்லை. 1924ல சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்னு ஆரம்பிச்ச சென்னை மாகாண ரேடியோ கிளப், அதே வருஷம் ஜூலை 31ல இருந்து ஒலிபரப்பே நடத்துச்சு. ஆர்வலர்கள் சேர்ந்து ஊருக்கே பாட்டும் பேச்சும் கொடுத்திருக்காங்க! 1927ல பணமில்லாம நின்னு போச்சு. டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சி கைக்குப் போய், 1930ல மாநகராட்சியே ஒலிபரப்பு ஆரம்பிச்சது. 1938ல ஆல் இந்தியா ரேடியோ வந்துச்சு. நடுவுல 1933ல வந்த கம்பியில்லாத் தந்திச் சட்டத்தால, லைசென்ஸ் இல்லாம கருவியை வெச்சிருக்கிறதே குத்தமாச்சு.

அடுத்த வருஷம்தான் முக்கியம்: 1939. உலகப் போர் ஆரம்பிச்சதும் பிரிட்டிஷ் அரசு எல்லா ஹாம் லைசென்ஸையும் ரத்து பண்ணிடுச்சு. யார் விதி மீறினாங்க, யார் மீறலைன்னு பார்க்கலை. மொத்தமா வாயடைப்பு.

அப்படி லைசென்ஸ் போனவங்கள்ல ஒருத்தர் பம்பாய்க்காரர், நரிமன் பிரிண்டர். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்துல தலைவர்கள் எல்லாம் உள்ளே போனதும், உஷா மேத்தாங்கிற 22 வயசுப் பொண்ணும் நண்பர்களும் ரகசியமா காங்கிரஸ் ரேடியோ நடத்தினாங்க. டிரான்ஸ்மிட்டருக்கு உதவினவர் இந்த பிரிண்டர்தான். பத்திரிகைகள் போட முடியாத செய்திகள் அதுல வந்துச்சு. போலீஸ்ல சிக்காம இருக்க இடம் மாத்தி மாத்தி நடத்தினாங்க. நவம்பர் 12ஆம் தேதி மாட்டிக்கிட்டாங்க. காட்டிக் கொடுத்தவரும் அதே பிரிண்டர்! உஷா மேத்தாவுக்கு நாலு வருஷம் சிறை.

சுதந்திர இந்தியாவுல 1978ல ஹாம்களுக்குத் தனி விதிகள் வந்துச்சு. 1995ல உச்ச நீதிமன்றம், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்குல, அலைவரிசை பொதுச்சொத்துன்னு சொல்லிச்சு. அரசாங்கத்தோட தனிச்சொத்து இல்லை, தனியார் சொத்தும் இல்லை. நல்ல தீர்ப்பு. ஆனா அந்தப் பொதுச்சொத்துல யாருக்கு இடம்னு முடிவு பண்றது இன்னிக்கும் லைசென்ஸ்தான்.

இதோட விலை என்னன்னு 2004ல தெரிஞ்சுது. அந்தமான்ல ஹாம் ரேடியோவுக்குப் பல வருஷமா அனுமதி கிடையாது. நிறைய அலைஞ்சு திரிஞ்சு அனுமதி வாங்கின பாரதி பிரசாத் குழு அந்த டிசம்பர்ல போர்ட் பிளேர் போய், உலகத்து ஹாம்களோட பொழுதுபோக்கா பேசிட்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி. தொலைபேசி போச்சு. உயிரோட இருக்காங்களான்னு தவிச்ச குடும்பங்களுக்குத் தீவுல இருந்து சேதி கொண்டு போனதுல அந்த ஸ்டேஷனுக்குப் பெரிய பங்கு. அனுமதி ஒரு மாசம் தள்ளிப் போயிருந்தா? யோசிச்சுப் பாருங்க.

என் கருத்து இவ்வளவுதான். கிணத்துல முறை வெச்சு இறைக்கச் சொல்றது வேற, கிணத்தையே பூட்டுறது வேற. முதலாவதை நான் ஏத்துக்கறேன். பாட்டு வேண்டாம், வியாபாரம் வேண்டாம், சரி. ரெண்டாவதைத்தான் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். பழைய 1885, 1933 சட்டங்களோட இடத்துக்கு 2023ல புது தொலைத்தொடர்புச் சட்டம் போட்டிருக்காங்க. அதைப் படிக்கும்போதும் இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்குங்க. மொக்கை பேசிப் பழகின வாய்தான் ஆபத்துல உதவிக்கும் வந்துச்சு.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் லைசென்ஸ் இல்லாம டிரான்ஸ்மிட்டர் கட்டக் கிளம்பிடாதீங்க. பரீட்சை ஒண்ணும் கஷ்டமில்லை, 12 வயசு ஆனவங்களே எழுதலாம். உங்க ஊர்ல ஹாம் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.