தேடாமல் இருக்கக் கற்பித்தல்: செயற்கைக்கோள் – தரை வலையமைப்பு மாற்றத்தில் மின்சேமிப்பு

வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் காட்டுக்குள் நுழையும்போதே கைபேசியை ஃபிளைட் மோடில் போட்டுவிடுவார்கள். போடாவிட்டால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கிப்போகும். டவர் கிடைக்காத கைபேசி சும்மா இருப்பதில்லை. ஒவ்வோர் அலைவரிசையாகத் துழாவிக்கொண்டே இருக்கும். அடுத்த பத்து கிலோமீட்டருக்கு டவர் இல்லை என்பது அந்தப் பயணிக்குத் தெரியும், கைபேசிக்குத் தெரியாது. செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசும் கைபேசிகள் வந்துவிட்ட இன்று, இந்த அறியாமையின் விலை கூடியிருக்கிறது. இரு வலையமைப்புகளுக்கிடையே மாறும் கருவியில் முதலில் குறைக்க வேண்டிய செலவு தேடலே. தேடலைக் குறைப்பதற்கான அறிவைக் கருவிக்குக் கொடுக்க வேண்டிய கடமை வலையமைப்புக்கு உண்டு. இவ்விரண்டையும் நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பொதுவாகப் பழி தூரத்தின் மேல் போடப்படுகிறது. 600 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளையும் 2 கி.மீ. தொலைவில் இருக்கும் டவரையும் ஒப்பிட்டால், தூரம் 300 மடங்கு; இடையில் தடையில்லை என்று வைத்துக்கொண்டால் சமிக்ஞை 90,000 மடங்கு மெலிகிறது. ஆனால் கைபேசி 90,000 மடங்கு உரக்கக் கத்துவதில்லை. வழக்கமான கைபேசி ஒன்று வெளியிடக்கூடிய உச்சத் திறன் எங்கே இருந்தாலும் 0.2 வாட்தான். இந்த இடைவெளியைப் பெரும்பாலும் செயற்கைக்கோளின் பெரிய ஆன்டெனாவும், மெதுவாக அனுப்பும் பொறுமையும் ஈடுகட்டுகின்றன. அனுப்பும் நேரம் நீள்வதால் செலவு கூடத்தான் செய்யும். அது அனுப்பும்போது மட்டும். நாளின் பெரும்பகுதியைக் கைபேசி காத்திருப்பதிலேயே கழிக்கிறது. அந்தக் காத்திருப்பில்தான் தேடல் ஒளிந்திருக்கிறது.

வேகமும் கொள்ளளவும் தரை வலையமைப்பில் அதிகம் என்பதால் அதற்கு முன்னுரிமை தருவது இயல்பு, சரியும்கூட. ஆனால் 5ஜி விதிப்படி, முன்னுரிமை கூடிய அலைவரிசைகள் இருந்தால், இப்போதைய சமிக்ஞை நன்றாக இருந்தாலும் அவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் தேடியாக வேண்டும். அந்த இடைவெளி, 60 வினாடியை அத்தகைய அலைவரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. சமிக்ஞை ஒரு வரம்புக்குக் கீழே போனால் தேடல் இன்னும் நெருக்கமாகும். செயற்கைக்கோளின் சமிக்ஞையோ பிறவியிலேயே மெலிந்தது. தரைக்கென்று வகுத்த வரம்பை அப்படியே அதற்கும் வைத்தால், நடுக்கடலில் போகும் படகில் இருக்கும் கைபேசி ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டிருக்கும்.

தரையில் சமிக்ஞை வலிமை நம்பகமான வழிகாட்டி. டவரை விட்டு விலக விலக அது சரிகிறது. சரிந்தால் வேறிடம் பார். வானத்திலிருந்து விழும் செல்லில், அதாவது ஒரு கற்றை சேவை தரும் பரப்பில், நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அதோடு, 600 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள் வினாடிக்கு 7.56 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 50 கி.மீ. அகலச் செல் அதனுடன் சேர்ந்து நகர்ந்தால், பாறைமேல் அசையாமல் உட்கார்ந்திருப்பவரை ஏறத்தாழ ஏழு வினாடியில் கடந்துவிடும். எனவே வலிமையைப் பார்த்து முடிவெடுக்கும் பழைய பழக்கம் இங்கே செல்லாது. கைபேசி வலையமைப்புகளுக்கு நெறிமுறை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின், 2022இல் நிறைவடைந்த 17ஆம் வெளியீடு இதை உணர்ந்து நேரத்தையும் இடத்தையும் அளவுகோலாகக் கொண்டுவந்தது. தரையில் ஓரிடத்தில் நிறுத்தி வைக்கப்படும் செல், தன் சேவை எப்போது முடியும் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடும். பேருந்து நிலையத்தில் நேர அட்டவணை எழுதிப் போட்ட மாதிரி. அடுத்த வண்டி வரும்வரை நிம்மதியாகக் கண்ணயரலாம்.

18ஆம் வெளியீடு தந்தது வரைபடம். தரை வலையமைப்பு எங்கெங்கே கிடைக்கும் என்பதை, மையமும் ஆரமும் கொண்ட வட்டங்களாகச் செயற்கைக்கோள் செல் ஒலிபரப்பலாம். வட்டத்துக்கு வெளியே நிற்கும் கைபேசி டவர் தேடலை விட்டுவிடலாம். காட்டுப் பயணியின் மனத்தில் இருந்த அறிவு கருவிக்குள் வந்துவிட்டது. ஃபிளைட் மோடைப் போலத் தொடர்பை அறுக்கவும் தேவையில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வட்டத்துக்கு வெளியே இருக்கிறோமா என்று அறிய ஜிபிஎஸ் வேண்டும். அதுவும் மின்சாரம் தின்னும். பழைய தகவல் எதுவும் கையில் இல்லாத ஜிபிஎஸ் கருவி, 30 வினாடிக்கு ஒருமுறை சுற்றிவரும் செய்தியைக் கேட்டுத்தான் தன் இடத்தைக் கணிக்க முடியும். செயற்கைக்கோளுடன் இணைப்பை ஏற்படுத்தும்போது இந்தச் செலவைத் தவிர்ப்பது கடினம். செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவெண் நகர்கிறது; 2 கிகாஹெர்ட்ஸில் இந்த டாப்ளர் பெயர்ச்சி 45 கிலோஹெர்ட்ஸையும் தாண்டலாம். அருகருகே உள்ள துணை அலைகளின் இடைவெளியோ 15 கிலோஹெர்ட்ஸ்தான். இந்த 5ஜி முறையில், தன் இடமும் செயற்கைக்கோளின் பாதையும் தெரிந்த கைபேசியால்தான் அதை முன்கூட்டித் திருத்த முடியும்.

ஆனால் வட்டத்தைச் சரிபார்க்க அத்தனை துல்லியம் வேண்டாம், அடிக்கடி பார்க்கவும் வேண்டாம். நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலையில் ஒருவர் நடக்கிறார் என்று கொள்வோம். அருகிலுள்ள வட்டத்தின் விளிம்பு 12 கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தில் மணிக்கு 4 கி.மீ.க்கு மேல் நடக்க முடியாது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் மூன்று மணி நேரம். அதுவரை இடத்தையும் பார்க்க வேண்டாம், டவரையும் தேட வேண்டாம். முன்னுரிமை அலைவரிசைகள் மூன்று என்றால், பழைய விதிப்படி குறைந்தது 60 தேடல்கள் நடந்திருக்கும். அவற்றின் இடத்தில் ஒரே ஒரு இடக்கணிப்பு. அவர் நடக்கிறாரா, வண்டியில் ஏறிவிட்டாரா என்பதை மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் அசைவுணரி சொல்லிவிடும்.

அதே நியூசிலாந்தில் 2024 டிசம்பரில் ஒன் நியூசிலாந்து நிறுவனம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வழியாகக் குறுஞ்செய்திச் சேவையைத் தொடங்கியது. அந்த முறை சாதாரண 4ஜி கைபேசிக்கு ஏற்ப அமைக்கப்பட்டது. அதில் டாப்ளர் திருத்தத்தின் சுமையைச் செயற்கைக்கோளே ஏற்கிறது. கையில் இருக்கும் போனே போதும் என்பது மக்களுக்குப் பெரிய வரம், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் சாதாரண 4ஜி கைபேசிக்கு இந்த வட்டங்களைப் படிக்கத் தெரியாது. புதிய நெறிமுறைக்கு மாறும் அவசரத்தை தரவு வேகத்தால் மட்டும் அளப்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வட்டத்தின் அளவில்தான் உண்மையான சிக்கல். அலைகள் வட்டமாகப் பரவுவதில்லை. பள்ளத்தாக்கில் துளிகூடக் கிடைக்காத டவர், முகட்டில் ஏறினால் முப்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கிடைக்கலாம். முகட்டையும் சேர்த்து வட்டத்தைப் பெரிதாக வரைந்தால், பள்ளத்தில் இருப்பவரின் பேட்டரி வீணாகும். சிறிதாக வரைந்தால் முகட்டில் இருப்பவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய டவர் கிடைக்காது. என் தீர்ப்பு இதுதான்: செயற்கைக்கோள் இடைவிடாமல் தலைக்குமேல் இருக்கும் சேவையில் சிறிய வட்டமே நல்லது, ஏனெனில் தவறினாலும் அவர் தனித்துவிடப்படுவதில்லை. செயற்கைக்கோள் விட்டுவிட்டு வரும் சேவையில் வட்டம் பெரிதாக வேண்டும். அவசர அழைப்புக்கு எந்த வட்டமும் பொருந்தக் கூடாது. அந்தப் பொத்தானை அழுத்தியதும் கைபேசி எல்லா அலைவரிசைகளையும் தேட வேண்டும். புயலுக்குப் பின் லாரியில் கொண்டுவந்து நிறுத்தும் தற்காலிக டவர் எந்த வரைபடத்திலும் முன்பே இருக்காது. ஆகவே ஒவ்வொரு வட்டத்துக்கும் காலாவதி நேரம் வேண்டும். பேரிடர்க் காலத்தில் அது சில மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.