கற்பிட்டி மீனும் தொட்டி மணலும்

கற்பிட்டிக் குடாநாடு மணலால் ஆனது. கச்சான் எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வாரி வந்த மணல், காலங்காலமாகக் குவிந்து நீண்ட திட்டாகி, கிழக்கே புத்தளம் களப்பைக் கடலிலிருந்து பிரித்துவிட்டது. மேற்கே, கரையைவிட்டுச் சற்றுத் தள்ளி, ‘பார் ரீஃப்’ எனப்படும் முருகைக்கல் தொடர் கிடக்கிறது. முருகைக்கல் என்றதும் கல்லும் நிறமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கற்பாறைகளுக்கு இடையே பரந்திருக்கும் மணற்தரையும் அதே அளவுக்கு உயிர் வாழும் இடம். கிளிமீனுக்கு உறவான சில சிறு மீன்கள் பொழுது சாயும்போது தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்து மறைந்து, விடிந்த பிறகே வெளியே வருகின்றன. சில உளுவைகள் வாய் நிறைய மணலை அள்ளி, செவுள் வழியாகச் சலித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்கின்றன. வேறு சில உளுவைகள், குழி தோண்டும் சிறு இறாலோடு ஒரே வளையில் குடியிருக்கின்றன. இறால் தோண்ட, மீன் வாசலில் காவல் நிற்கும்.

இந்த மீன்கள் கண்ணாடித் தொட்டிக்காகப் பிடிக்கப்படத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய இயற்கையியலாளர் ரொட்னி யொங்கிளாஸ் இலங்கையில் இதற்கு முன்னோடி. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், சுழியோடி மைக் வில்சன் ஆகியோருடன் இலங்கைக் கடலடியைச் சுற்றிப் பார்த்தவர் அவர். கடல் மீன்களைப் பிடிக்கும் முறைகளைப் பற்றி 1975இல் தனி நூலே எழுதினார். ஆர்வலர்களின் பொழுதுபோக்காக இருந்தது விரைவில் கரையோர இளைஞர்களின் தொழிலானது. மேற்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே சுழியோடுவதும், கச்சான் எழுந்ததும் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போவதும் சுழியோடிகளின் வழக்கம். 

கைவலையால் ஒவ்வொன்றாகப் பிடிப்பது பாதுகாப்பான முறை, நேரம் பிடிக்கும். அவசரக்காரர்களின் கருவி ‘மொக்சி’ வலை. விளிம்பில் ஈயம் கட்டிய அந்தச் சிறு வலையை முருகைக்கல்லின் மேல் கவிழ்த்துவிட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் மீனைக் கம்பியால் கல்லைக் குத்தி விரட்டுவார்கள். மீன் கிடைக்கும், அது ஒளிந்திருந்த வீடு நொறுங்கிவிடும். இந்த வலை பின்னர் தடைசெய்யப்பட்டது. பார் ரீஃப் 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி, நீரியல் வளச் சட்டம் தொழிலுக்கு அனுமதிப்பத்திர முறையைக் கொண்டுவந்தது. ஆனாலும் எந்த வலையும் செய்யாத சேதத்தை 1998இன் கடல் வெப்பம் செய்தது. ஆழம் குறைந்த பகுதிகளில் முருகைகள் வெளிறி, அவற்றில் மிகப் பெரும்பகுதி மடிந்தது.

பிடிபட்ட மீன் அன்றோடு மணலை இழக்கிறது. ஏற்றுமதியாளரின் தொட்டிகளில் அடித்தரை வெறும் கண்ணாடி அல்லது சீமெந்து. அதில் குற்றம் காண முடியாது. எச்சம் தேங்காது, நோய்க்கு மருந்து போடலாம், மீனை நொடியில் வலையில் எடுக்கலாம். பிறகு ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பை, ரெஜிபோம் பெட்டி, விமானம். மணலில் உறங்கிப் பழகிய மீனுக்கு இந்த நாட்களே பெரும் சோதனை. மூலையில் கிடந்து கண்ணாடித் தரையில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

கடல்நீர்த் தொட்டியின் வரலாற்றில் மணலுக்கு ஏறுமுகமும் இறங்குமுகமும் இருந்திருக்கின்றன. 1853இல் லண்டன் விலங்குக் காட்சியகம் திறந்த மீன் இல்லத்திலும், அதற்கு உயிர்கள் திரட்டிக் கொடுத்த ஃபிலிப் ஹென்றி கோஸ் 1854இல் எழுதிய நூலிலும் மணலும் கல்லும் பாசியும் ஒன்றாகவே வந்தன. சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்துக்குக் கடலே பக்கத்தில் இருந்தது. கடலுக்கு எட்டாத வீடுகளில்தான் சிக்கல். அங்கே சரளைக்கு அடியில் துளைத் தட்டு வைத்து நீரை இழுக்கும் வடிகட்டி பரவியது. சில ஆண்டுகளில் அந்தச் சரளையே அழுக்குக் கிடங்கானது. அலுத்துப்போன பலர் மணலையே விட்டுவிட்டார்கள். 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள கல்லோடும் மெல்லிய காற்றுக் குமிழோடும் தொட்டி நடத்திக் காட்டினார். 1980களின் இறுதியில் மொனாக்கோவில் ஜான் ஜோபேர், தடித்த மணற்படுகையே நீரைச் சுத்தமாக்கும் என்று நிறுவினார். மணலின் மேல்தட்டில் ஒட்சிசன் உள்ள இடத்தில் பக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும். ஒட்சிசன் அற்ற கீழ்த்தட்டில் வேறு பக்டீரியாக்கள் அதை நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றும்.

இதற்குப் பிறகுதான், வெறுந்தரையோடு ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த தொட்டிகளில் மணல் சேர்க்கும் பழக்கம் பெருகியது. மீனும் முருகையும் இருக்கும் நீரில் மணலைக் கொட்டினால் தூசி கிளம்பி முருகையை மூடிவிடும். எனவே வாளியில் தெளிநீர் வரும்வரை கழுவி, கடைசியாக உப்புநீரில் அலசி, நீரோட்ட மோட்டர்களை நிறுத்திவிட்டு, அகன்ற குழாய் வழியே தரைமட்டத்தில் இறக்குவார்கள். ஒரே நாளில் முழுவதையும் போடாமல் பகுதி பகுதியாகப் போடுவது நல்லது. கலங்கல் ஓரிரு நாளில் அடங்கும். கனமான கற்கள் கண்ணாடித் தரையிலேயே அமர்ந்திருக்க வேண்டும்; மணல்மேல் வைத்தால் தோண்டும் மீன் ஒருநாள் சரித்துவிடும். ஏற்கெனவே பழைய மணல் இருக்கும் தொட்டியில் அதைக் கிளறக் கூடாது. அடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஐதரசன் சல்பைட்டு எழும்பினால் மீன்கள் சாகும். ஓடும் வேறொரு தொட்டியிலிருந்து ஒரு கோப்பை மணலைத் தூவினால் அதிலுள்ள புழுக்களும் நுண்ணுயிர்களும் புதுத் தரையில் குடியேறும்.

எந்த மணல் என்பதும் முக்கியம். கரையில் அள்ளும் சாதாரண மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அது நீரோடு வினைபுரியாது. சிப்பி ஓடுகளும் முருகையும் நொறுங்கிப் பிறந்த சுண்ண மணல், நீர் அமிலமாகும்போது சிறிது கரைந்து தாங்கும். இலங்கையில் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்கிறது. முருகைக்கு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. வெளிநாட்டுத் தொட்டிகள் பலவற்றுக்குப் பஹாமாஸ் கடலின் அரகோனைட் மணல் போகிறது. கற்பிட்டியில் பிடிபட்டு வெளிநாட்டு வீட்டுக்குப் போகும் மணல்தூங்கி மீன், பல வேளைகளில் அட்லாண்டிக் மணலில்தான் புதைந்து உறங்குகிறது. அந்த மணலும் இல்லாத தொட்டிக்கு அந்த மீனை வாங்காமல் இருப்பதே மேல்.